படிந்த களி ஏன் எழும்பாது?

நிந்தவூர் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “களியோடையில் இறங்கினால் முன்பெல்லாம் காலில் மணல் தட்டும். இப்போது சேறு புதைகிறது. மாரி வெள்ளம் கழுவிக்கொண்டு போகாதா?”

சாதாரண வெள்ளத்தால் ஆகாது. காரணம், களியின் விசித்திரக் குணம்.

கலங்கல் தண்ணீரைப் போத்தலில் அள்ளிக் குலுக்கி வையுங்கள். மணல் அப்போதே அடியில் விழும். கலங்கல் மறுநாளும் தெளியாது. 0.1 மில்லிமீற்றர் மணல் ஒரு மீற்றர் இறங்க ஏறக்குறைய 2 நிமிடம்; 0.001 மில்லிமீற்றர் களிக்கு 10 நாளுக்கு மேல். இவ்வளவு இலேசான களியைக் கிளப்புவதும் இலேசுதானே என்று தோன்றும். இல்லை. சுவீடனின் ஃபிலிப் யூல்ஸ்ட்ரோம் 1935இல் வெளியிட்ட வரைபடத்தின்படி, ஓடும் நீர் மிகச் சுலபமாக அரிப்பது அரை மில்லிமீற்றருக்கு உட்பட்ட மணலைத்தான். பருங்கல்லை அசைக்க வேகம் கூட வேண்டும். படிந்த களியை அசைக்கவும் அப்படியே! துகளோடு துகள் ஒட்டிக்கொள்வதுதான் காரணம். இடியப்பத் தட்டை உடனே கழுவ வேண்டும் என்று என் உம்மா சத்தம் போடுவா. ஓட்டைக்குள் மா காய்ந்துவிட்டால் தேய்த்தாலும் போகாது.

ஆற்றின் அடியிலும் ஓட்டைகள் உண்டு. மணல் இடுக்கால் இறங்கும் நீர்தான் பூச்சிப் புழுவுக்கும் மீன் முட்டைக்கும் ஒட்சிசன் கொடுக்கிறது, கரையோரக் கிணறுகளையும் ஊறவைக்கிறது. களி அடைத்தால் இரண்டும் குறையும்.

1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம், களியோடைக்குத் தண்ணீர் தரும் பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்துச் சேனாநாயக்க சமுத்திரமாக்கியது. நம் வட்டைகளில் நெல் விளைவது அந்தத் தண்ணீரில்தான். அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் அடியை அரித்துக் கழுவும் பெருவெள்ளம் அணைக்குள் அடங்கிவிட்டது. மிச்சத் தண்ணீரை வாய்க்கால்கள் வாங்கிக்கொள்ள, ஆறு மெலிந்து நடக்கிறது. அந்த மெலிந்த ஆற்றில்தான் வயல் வடிச்சலின் சேற்றையும் கொட்டுகிறோம். போதாததற்கு மணல் அள்ளுவோர் அடியைக் கிண்டிக் கலக்குகிறார்கள். தண்ணீரை எடுக்கும்போது ஆறு தன்னைக் கழுவிக்கொள்ளும் பலத்தையும் சேர்த்தே எடுக்கிறோம். இதை யாரும் கணக்கில் வைப்பதில்லை. ஓடும் ஆற்றில் வுழூச் செய்தாலும் வீண்விரயம் கூடாது என்ற நபிவழியைப் பள்ளிவாசலில் கேட்கிறோம். வயலுக்குப் போனதும் மறந்துவிடுகிறோம்.

அணையை உடைக்கச் சொல்லவில்லை. சேறடித்துப் பலகை போட்ட அன்றே வக்கடையை வெட்டாதீர்கள். வயலில் நிற்பது நாலு விரல் தண்ணீர். அந்த ஆழத்துக்குக் களிகூட ஒரு நாளில் அடைந்துவிடும். தெளிந்த பிறகு வடியவிடுங்கள். ஆற்றுக்குச் சேறு குறையும். நீங்கள் காசு கொடுத்துப் போட்ட பசளையும் உங்கள் வயலிலேயே தங்கும்.