பங்கீட்டில் சிறந்த எண்

பன்னிரண்டு லட்டுகளை இரண்டு, மூன்று, நான்கு, ஆறு குழந்தைகளுக்குச் சண்டையின்றிப் பங்கிடலாம். பத்து லட்டுகளைக் கொண்டு மூவருக்குப் பங்கிடப் புகுந்தால் வீட்டில் கலகந்தான்! 12-ஐ மீதமின்றி வகுக்கும் எண்கள் ஆறு. அதனிற் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை கிடையாது.

இவ்வாறு, தமக்கு முந்திய எண்கள் யாவற்றையும் பங்கீட்டில் வெல்லும் எண்களைக் கணித மேதை ஸ்ரீநிவாஸ ராமானுஜன் கேம்பிரிட்ஜில் ஆராய்ந்து, 1915-ஆம் வருஷம் ஒரு ஜாபிதாவுடன் வெளியிட்டார். அதில் கடைசி எண் 67,46,32,83,88,800. அதாவது சுமார் ஆறே முக்கால் லட்சம் கோடி. 2 முதல் 23 வரையுள்ள ஒன்பது பகா எண்களின் பெருக்கத்தால் அமைந்த இதனை மீதமின்றி வகுக்கும் எண்கள் 10,080!

மின் கணிப்பொறி பிறவாத காலம் அது. நூற்றுக்கு மேற்பட்ட எண்கள் கொண்ட அந்த ஜாபிதாவில் ஒன்றே ஒன்று விடுபட்டுப் போயிற்று: 2,93,31,86,25,600. வேடிக்கை என்னவெனில், இதை 23-ஆல் பெருக்கினால் அந்தக் கடைசி எண்ணே வருகிறது!

இதனால் மேதையின் கீர்த்தி குறைந்துவிடுமா? அவர் நிறுவிய தேற்றங்கள் அசையாமல் நிற்கின்றன. ஆனால் கணிதத்தில் மேதையின் கணக்கையும் சரிபார்க்க யாருக்கும் உரிமையுண்டு. ஐயமுள்ளவர்கள் பென்சிலை எடுத்துப் பெருக்கிப் பார்க்கலாம்.