வெந்நீர்க் கலனும் இரு காவலர்களும்

மார்கழி பிறந்துவிட்டால் தில்லியில் குழாய்த் தண்ணீரில் கை வைக்கவே தயக்கமாக இருக்கும். ஊரில் வெந்நீர்க் குளியல் என்பது பெரும்பாலும் முதியவர்களுக்கும், பிள்ளை பெற்றவளுக்கும், காய்ச்சலில் கிடந்து எழுந்தவர்களுக்கும் உரியது. இங்கே மூன்று மாதம் அது வீட்டில் அனைவருக்கும் அன்றாடத் தேவை. நீரை வடிகட்டிக் காய்ச்சிக் குடிக்கும் சமணக் குடும்பத்தில் பிறந்த எனக்கோ வெந்நீர் சிறு வயதுப் பழக்கம்.

எங்கள் கிராமத்து வீட்டுப் பின்கட்டில் ஒரு செம்பு பாய்லர் இருந்தது. நடுக்குழாயில் கரி எரியும், சுற்றிலும் தண்ணீர் நிற்கும். சூடு போதுமா என்று பார்ப்பது பாட்டியின் விரல். அவள் மறந்தாலும் பெரிய ஆபத்தில்லை. மேல் மூடி சும்மா வைத்ததுதான். கொதித்தால் ஆவி தானே வெளியேறிவிடும்.

இன்றைய கீசர் அப்படியல்ல. ஐஸ்லாந்தில் பீறிட்டெழும் 'கெய்சிர்' என்ற வெந்நீர் ஊற்றின் பெயரே திரிந்து நம் குளியலறைக்கு வந்திருக்கிறது. இது இறுக மூடிய கலன். பாட்டியின் விரல் செய்த வேலையை உள்ளே இரண்டு சிறு கருவிகள் செய்கின்றன. அவற்றைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாதிருந்த காலத்தில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2011 சனவரியில், பதினைந்து ஆண்டு உழைத்த எங்கள் 25 லிட்டர் கீசர் அடிக்கடி தானாக நின்றுபோயிற்று. ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். பத்து நிமிடத்தில் மூடியைப் போட்டுவிட்டு, "டைரக்ட் கர் தியா, அங்கிள்! அப் பந்த் நஹீ ஹோகா" என்றார். இனி நிற்காதாம். எனக்கும் சந்தோஷம்தான். மூன்றாம் நாள் சுவிட்சை அணைக்க மறந்துவிட்டோம். என் மனைவி குழாயைத் திறந்ததும் தண்ணீரோடு ஆவியும் சீறி வந்து மணிக்கட்டில் பட்டது. புண் ஆற ஒரு மாதம் ஆயிற்று. தழும்பு இன்றும் இருக்கிறது. அதன் பிறகுதான் புத்தகம் வாங்கிப் படித்து, கழற்றிய உறுப்புகளை என் கடை மேசையில் வைத்து ஆராய்ந்தேன்.

காவலர் இருவர்

முதல் காவலர் தெர்மோஸ்டாட். நான் பித்தளைப் பாத்திர வியாபாரி. இறுகிய பித்தளை மூடியின் மேல் வெந்நீர் ஊற்றினால் திறந்துகொள்வது எங்கள் தொழிலில் எல்லாரும் அறிந்தது. ஓரடிப் பித்தளை 50 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 0.3 மி.மீ. நீளும். பழைய கீசர்கள் பலவற்றில் தெர்மோஸ்டாட் என்பது ஒரு பித்தளைக் குழாய். அதனுள்ளே 'இன்வார்' என்ற உலோகக் கம்பி. 36 விழுக்காடு நிக்கல் கலந்த இந்த இரும்புக் கலவை சூட்டில் நீளுவதே இல்லை எனலாம். இதைக் கண்டறிந்த கியோம் என்பவருக்கு 1920இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. குழாய் நீள, கம்பி நீளாதிருக்க, அந்த மயிரிழை வேறுபாடுதான் சுவிட்சைத் தட்டி மின்சாரத்தை நிறுத்துகிறது.

இரண்டாம் காவலர் கட்-அவுட். முதல்வர் தூங்கிவிட்டால், சூடு எல்லை மீறும்போது இவர் மின்சாரத்தைத் துண்டிப்பார். பலவற்றில் ஒரு சிறு பொத்தானை அமுக்கினால்தான் மறுபடி ஓடும்.

எங்கள் வீட்டில் தெர்மோஸ்டாட்டின் முனைகள் தீய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தன. கட்-அவுட் தன் கடமையைச் செய்து நிறுத்தியது. அந்த நல்ல காவலரைத்தான் மெக்கானிக் வேலையை விட்டு நீக்கியிருந்தார். அழுத்தத்தை வெளியேற்றும் வால்வு மட்டும் சரியாக இருந்ததால் கலன் வெடிக்கவில்லை.

குறி பார்க்கும் முறை

15 டிகிரியில் உள்ள 25 லிட்டர் தண்ணீரை 2000 வாட் கீசர் 60 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 40 நிமிடம் ஆகும். இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு கடிகாரத்தையும் கீசரின் சூடேற்றும் விளக்கையும் பாருங்கள். பெரும்பாலான கீசர்களில் நோய் அதிலேயே தெரியும்.

விளக்கும் எரியவில்லை, தண்ணீரும் சில்லென்று இருக்கிறதா? மின்சாரம் வரவில்லை, அல்லது கட்-அவுட் விழுந்திருக்கிறது, அல்லது தெர்மோஸ்டாட் திறந்தபடி நின்றுவிட்டது.

விளக்கு எரிந்தும் சூடே இல்லையா? எலிமெண்ட் அறுந்திருக்கும். மின்சாரத்தைத் துண்டித்து, இணைப்பைக் கழற்றி மீட்டரில் அளந்தால் நல்ல 2000 வாட் எலிமெண்ட் சுமார் 26 ஓம் காட்டும்.

வெதுவெதுப்போடு நின்றுவிடுகிறதா? தெர்மோஸ்டாட் குறைந்த சூட்டில் வைக்கப்பட்டிருக்கலாம், அல்லது அளவு பிசகியிருக்கலாம்.

ஒரு மணி நேரமாகியும் விளக்கு அணையவில்லை, குழாயில் ஆவி வருகிறதா? தெர்மோஸ்டாட் ஒட்டிவிட்டது. உடனே மெயினை அணையுங்கள். ஆறும்வரை குழாயைத் திறக்கவேண்டாம்.

கட்-அவுட் அடிக்கடி விழுகிறதா? பொத்தானை அமுக்கி அமுக்கி ஓட்டுவது வைத்தியம் ஆகாது. தெர்மோஸ்டாட்டையும், உள்ளே படிந்த உப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். போர்வெல் தண்ணீர் வரும் வீடுகளில் வெள்ளைப் படிவு குழாயை மூடிக்கொண்டால், பாவம், அந்தக் காவலருக்குச் சூடு தெரிவது தாமதமாகும்.

உறுப்பு மாற்றும் வேலையை நீங்களே செய்ய வேண்டாம். தண்ணீரும் மின்சாரமும் சேர்ந்த இடம் அது. ஆனால் நோயைத் தெரிந்து வைத்திருந்தால் வருகிறவர் ஏமாற்ற முடியாது.

இன்னும் இரண்டு செய்தி

60 டிகிரித் தண்ணீர் ஐந்தே விநாடியில் பெரியவர்களின் தோலையே ஆழமாக வேகவைத்துவிடும். குழந்தைகளுக்கு அதைவிட விரைவு. ஆனால் கலனில் சூட்டை மிகவும் குறைத்தால் லெஜியோனெல்லா என்ற நோய்க்கிருமி வளர இடமாகும். ஆகவே கலனில் 60 இருக்கட்டும். பக்கெட்டில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர். இந்த வரிசையை வீட்டுப் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள்.

சூடேறும்போது வால்வு சொட்டினால் அடைத்துவிடாதீர்கள். 25 லிட்டர் தண்ணீர் 60 டிகிரிக்கு வரும்போது கிட்டத்தட்ட அரை லிட்டர் பெருகும். அதற்குப் போக்கிடம் வேண்டாமா?

ஊர் விட்டு வந்த நம்மில் பல வீடுகளில் பழைய கீசர், வாடகை வீட்டுக்காரர் விட்டுச்சென்றது. வயதான தாய் தந்தையர் அதில்தான் குளிக்கிறார்கள். அடுத்த முறை மெக்கானிக் வரும்போது இந்த மூன்று சொல்லை மட்டும் தவறாமல் சொல்லிவிடுங்கள்: "டைரக்ட் மத் கர்னா." அடிக்கடி நிற்கிற கீசர் கெட்ட கீசர் அன்று, நம்மைக் காக்க ஒருவர் உள்ளே இன்னும் விழித்திருக்கிறார் என்று பொருள்.