எரிநட்சத்திரம் பார்க்க விமானம் எதற்கு?

எரிநட்சத்திரம் ஒளிர்வது தரையிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில். விமானம் ஏறுவதோ 11 கிலோமீட்டர். பிறகு எதற்கு இந்தச் செலவு?

முதல் காரணம், மேகம். டெம்பெல்-டட்டில் வால்நட்சத்திரம் 33 ஆண்டுகளுக்கு ஒருமுறை சூரியனை நெருங்குவதையொட்டிய ஆண்டுகளில்தான் சிம்மராசி எரிநட்சத்திரப் பொழிவு உச்சம் தொடும். உச்சம் நீடிக்கும் ஓரிரு மணி நேரத்தில் வானம் மூடிக்கொண்டால் போனது போனதுதான்! அதனால் 1999 நவம்பரில் நாசா ஆய்வாளர்கள் இரண்டு விமானங்களில் மத்தியதரைக் கடல் மேலே பறந்தார்கள். ஒரே கீற்றை இரு இடங்களிலிருந்து படம்பிடித்தால் அதன் உயரத்தைக் கணக்கிடலாம். இன்னொரு காரணம், அகச்சிவப்பு ஒளியை விழுங்கும் நீராவியும் பெரும்பாலும் கீழேயே தங்கிவிடுகிறது.

சரி, மணிக்கணக்கான வீடியோவில் அரை நொடிக் கீற்றைத் தேடுவது யார்? கணினிதான். ஒரு படச்சட்டத்திலிருந்து முந்தையதைக் கழித்தால் அசையாத விண்மீன்கள் மறைந்து, நகர்ந்தது மட்டும் மிஞ்சும். அது நேர்கோட்டில், சீரான வேகத்தில் ஓடுகிறதா என்று நிரல் பார்க்கும். செயற்கைக்கோளோ மெதுவாக ஊர்வதால் மாட்டிக்கொள்ளும். தரையில் இது சுலபம். விமானம் குலுங்கினாலோ எல்லா விண்மீன்களும் சேர்ந்து ‘ஓடும்’. கழித்தல் கணக்கே கெட்டுவிடும். ஆகவே விண்மீன்களை அடையாளக்குறிகளாக வைத்துப் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திய பிறகுதான் கழிக்க வேண்டும்.