நாராயணவனத்துப் பிளேட்டுகள்

இங்கே லண்டனில் என்னோடு வேலை பார்க்கும் ஆங்கிலேய நண்பர் ஒருவருக்கு ஒரு பைத்தியம் உண்டு. 'பங்க்' என்று ஒரு வகை ராக் இசை 1976, 77-இல் இந்த ஊரைக் கலக்கியது. கிழிந்த சட்டை, அதில் ஊக்கு, மேடையில் ஒரே கூச்சல். அந்தக் காலத்து ஏழங்குல இசைத்தட்டுகளைத் தேடித் தேடி வாங்குவார். 'செக்ஸ் பிஸ்டல்ஸ்' என்ற குழுவோடு (இப்படி ஒரு பெயரை நம் சங்கப் பத்திரிகையில் அச்சேற்றுவதற்கு ஆசிரியர் மன்னிக்க வேண்டும்) 1977 மார்ச்சில் ஏ அண்ட் எம் கம்பெனி ஒப்பந்தம் போட்டு, ஒரே வாரத்தில் ரத்து செய்து, அச்சான தட்டுகளில் பெரும்பாலானவற்றை அழித்துவிட்டதாம். தப்பிப் பிழைத்த ஒவ்வொன்றும் இன்று பல ஆயிரம் பவுன் விலை போகிறது.

"உங்கள் ஊரில் இதெல்லாம் உண்டா?" என்று ஒருநாள் கேட்டார். கேட்டிருக்க வேண்டாம். அன்று மதிய உணவு இடைவேளை முழுவதும் நான்தான் பேசினேன்.

நம்முடைய கதை 1902-இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு நவம்பரில் கல்கத்தாவில் கௌஹர் ஜான் என்ற பாடகி கிராமபோன் கம்பெனிக்காகப் பாடினார். மூன்று நிமிடத்தில் ஒரு ராகத்தை முடித்து, கடைசியில் தன் பெயரையும் ஆங்கிலத்தில் சொல்லிவிடுவார். தெற்கே கோயமுத்தூர் தாயி, சேலம் கோதாவரி போன்றவர்கள் பாடினார்கள். தாயியின் இசைத்தட்டைக் கேட்டு மயங்கிய மோரிஸ் தெலாஜ் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர், அதை வைத்தே 'ராகமாலிகா' என்று ஒரு படைப்பை எழுதினார் என்றால் பாருங்களேன்! 1925-க்கு முன் மைக் கிடையாது. ஒரு பெரிய ஊதுகுழாய்க்குள் தலையை நீட்டாத குறையாகப் பாட வேண்டும். குழாய்க்கு எட்டிய குரல் தப்பித்தது, எட்டாதது போயிற்று.

எனக்கு இந்தப் பித்து ஒட்டிக்கொண்டது அம்மா பிறந்த ஊரில். புத்தூருக்குப் பக்கத்தில் இருக்கும் நாராயணவனம் அது. ஆகாசராஜன் மகள் பத்மாவதியைச் சீனிவாசப் பெருமாள் மணந்துகொண்ட ஊர் என்று கல்யாண வேங்கடேஸ்வரர் கோயிலுக்குப் போனவர்களுக்குத் தெரியும். கல்யாணத்துக்கு மாவரைத்த எந்திரம் என்று ஒரு பெரிய கல்லையும் காட்டுவார்கள். நெசவாளர் ஊர். 1911 வரை வடஆர்க்காடு, பிறகு சித்தூர் மாவட்டம், 1953-இல் ஆந்திரம், 2022 முதல் திருப்பதி மாவட்டம். மூன்று முறை விலாசம் மாறியும் எங்கள் தெருவில் பாதி வீட்டில் தமிழ், பாதி வீட்டில் தெலுங்கு என்பது மட்டும் மாறவில்லை.

அந்தத் தெருவிலேயே கிராமபோன் இருந்தது என் தாத்தா வீட்டில் மட்டும்தான். சாவி கொடுத்து ஓட்டுகிற பெட்டி. 1963-இல் எம்.எஸ். பாடிய வேங்கடேச சுப்ரபாதம் எல்.பி.யாக வந்தது. அதை இந்தப் பெட்டியில் போட முடியாது, வேகமும் வேறு, முள்ளும் வேறு. ரேடியோவும் ஒலிபெருக்கியும் பெருகப் பெருக, பெட்டி பரணுக்குப் போயிற்று. தட்டுகள் ஒரு டிரங்குப் பெட்டியில் அடைந்தன.

மாமா வீட்டை இடித்துக் கட்டப் போகிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். "இந்தப் பிளேட்டுங்களை என்ன பண்றதுப்பா? உங்க அத்தை பழைய இரும்புக்காரனுக்குப் போடறேன்னு நிக்கறா" என்றார் மாமா. எண்ணிப் பார்த்தேன். நாற்பத்து மூன்று தட்டுகள், அதில் ஒன்பது உடைந்திருந்தன. எலும்பு முறிவுக்கு உலகமே புத்தூருக்கு வருகிறது, ஆனால் உடைந்த இசைத்தட்டுக்குப் புத்தூரிலும் கட்டு கிடையாது.

மிச்சத்தில் கிட்டப்பா இருந்தார், கே.பி. சுந்தராம்பாள் இருந்தார், சித்தூர் நாகையா இருந்தார். இருப்பதிலேயே அதிகம் தேய்ந்து சாம்பல் நிறமாகிப் போயிருந்தது சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை பாடிய 'மதுரா நகரிலோ'. பிள்ளையவர்கள் 1898-இல் புங்கனூரில் பிறந்தவர், காஞ்சிபுரம் நாயினாப் பிள்ளையின் சீடர், 1954-இல் சங்கீத கலாநிதி. குருநாதரோ இசைத்தட்டில் பாடவே மாட்டேன் என்று மறுத்துவிட்டவர். 1934-இல் அவர் மறைந்தபோது அந்தக் குரலும் போய்விட்டது. அவருடைய பாணி எப்படி இருந்தது என்று இன்று காதால் ஊகிக்க வேண்டுமானால் சீடர்கள் பாடியதைத்தான் கேட்க வேண்டும்.

அந்தத் தட்டின் காகித உறையில் பென்சில் கோடுகள் வரிசை வரிசையாக இருந்தன. அறுபதுக்கு மேல் எண்ணினேன். மாமா விளக்கினார். தறி நின்றபின் மாலையில் தெருவே திண்ணைக்கு வந்துவிடுமாம். யார் எந்தப் பாட்டைக் கேட்டாலும் தாத்தா அந்த உறையில் ஒரு கோடு போடுவாராம். முள் தேய்கிற செலவுக் கணக்கு! ஒரு முறை ஓட்டினால் எஃகு முள்ளை மாற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் தட்டைக் கீறிவிடும்.

"தெலுங்குக்காரங்க கிட்டப்பாவைக் கேப்பாங்க. நம்ம ஆளுங்க மதுரா நகரிலோ போடுன்னுவாங்க. அதுல என்ன விசேஷம்?" என்றார் மாமா. விசேஷம் இருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன். எல்லைக்காக ஊர்வலமும் மறியலும் நடந்து, 1960-இல் திருத்தணி தமிழ்நாட்டுக்குப் போன காலத்தில் வாழ்ந்த தெரு அது. அந்தத் திண்ணை எதைக் கேட்டது என்பதற்கு இந்தக் கோடுகளைத் தவிர வேறு சாட்சி இல்லை.

நான் இருந்த அந்த வாரமே, சென்னையிலிருந்து பழம்பொருள் வியாபாரி ஒருவர் வந்தார். கிட்டப்பாவுக்கு ஒரு விலை, நாகையாவுக்கு ஒரு விலை. "கவரெல்லாம் வேண்டாம் சார், கிழிசல்" என்றார். அவர் மேல் குற்றமில்லை, அவர் தொழில் அது. ஆனால் உறையிலிருந்து பிரிந்து கடைக்குப் போன மறுநாளே அது எங்கிருந்தோ வந்த ஒரு தட்டுதான். நாராயணவனம் அதிலிருந்து உதிர்ந்துவிடும். 1985-இல் எரிந்துபோன மூர் மார்க்கெட்டில் அப்படி ஊர் பேர் இல்லாமல் குவிந்து கிடந்தவை எத்தனையோ. சேகரிப்பவர்கள் பலரும் அரிய தட்டா, கீறல் இல்லாததா என்றுதான் பார்க்கிறார்கள். தேய்ந்த தட்டு அவர்களுக்குக் கழிவு. எனக்கென்னவோ, தேய்ந்ததுதான் கேட்கப்பட்ட தட்டு.

இந்தக் கலையில் நமக்கு வழிகாட்டி சென்னை வி.ஏ.கே. ரங்காராவ். ஆயிரக்கணக்கான 78 வேகத் தட்டுகளைத் திரட்டி, யார் பாடியது, யார் இசை என்று விவரம் எழுதியவர். நாராயணவனத்துக்கு அருகிலுள்ள கார்வேட்டிநகரம் வேணுகோபால சுவாமி சந்நிதியில் நடனமும் ஆடியிருக்கிறார். அந்தச் சாமி மேல் பதங்கள் பாடியவர்தான் சாரங்கபாணி.

வியாபாரியை அனுப்பிவிட்டு வேலையில் இறங்கினேன். ஊரில் தட்டு வைத்திருப்பவர்களுக்கு உபயோகப்படும் என்பதால் சொல்கிறேன். பழைய 78 தட்டு அரக்கும் கல்மாவும் கரியும் கலந்து செய்தது. ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் அரக்கு கரைந்துவிடும். மெல்லிய துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, பள்ளத்தின் போக்கிலேயே, நடுக் காகிதத்தில் படாமல் துடைத்தால் போதும். படுக்கவைத்து அடுக்காமல் நிறுத்தி வையுங்கள். ஆசைக்காகச் சாவிப் பெட்டியில் போட்டு ஓட்டாதீர்கள், அந்தக் கனத்த தலை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பாட்டைச் சுரண்டி எடுத்துவிடும். 78-க்கென்று அகலமான முள் உள்ள மின்சாரப் பிளேயரில் ஒரே தடவை ஓட்டிக் கணினியில் பதிந்துகொள்வது நல்லது. எல்.பி. முள் இதற்கு ஆகாது. பள்ளத்தின் அடியில் உரசி இரைச்சல்தான் வரும்.

நடுக் காகிதத்தையும் உறையையும் இரண்டு பக்கமும் படம் எடுத்து, எந்த ஊர், யார் வீடு என்று எழுதி வையுங்கள். மும்பையில் 1990-இல் தொடங்கிய இந்திய இசைத்தட்டு சேகரிப்பாளர் சங்கமும், சென்னை ரோஜா முத்தையா நூலகமும் இத்தகைய பொருள்களின் அருமை தெரிந்த இடங்கள். இதே லண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகம்கூட, அழியும் நிலையிலுள்ள ஆவணங்களுக்கான தன் திட்டத்தின் மூலம் ஓடியன், யங் இந்தியா தட்டுகளைக் கணினியில் பதிவு செய்ய உதவியிருக்கிறது.

எங்கள் தட்டுகள் இப்போது மாமாவின் புது வீட்டில், உறைகளோடு, ஒரு மர அலமாரியில் நிற்கின்றன. அத்தை மேல்தட்டில் ஊறுகாய் ஜாடி வைத்திருக்கிறார், அதுவரைக்கும் சமாதானம். முப்பத்து நான்கில் ஐந்துக்கு நடுக் காகிதத்தைக் கரையான் தின்றுவிட்டது. மூன்றில் ஆண் குரல், இரண்டில் பெண் குரல். ஒன்று நாடகப் பாட்டு மாதிரி இருக்கிறது, பின்னணியில் ஹார்மோனியம் கேட்கிறது. குரலை வைத்தே இன்னார் என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் நம் சங்கத்தில் இருப்பார்கள் என்று நம்புகிறேன். அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஐந்தின் பதிவையும் கொண்டுவருகிறேன். கேட்டுச் சொல்லுங்கள்.