மெகாபிக்ஸல் மட்டும் போதுமா?

டிஜிட்டல் கேமரா வாங்கும்போது "எத்தனை மெகாபிக்ஸல்?" என்றுதான் முதலில் கேட்கிறோம். சினிமா கேமராக்களை ஒப்பிட்டால், அது பாதிக் கேள்விதான் என்பது புரியும்.

2007-ல் வந்த ரெட் ஒன் கேமரா 4,096 பிக்ஸல் அகலத்தில் படம் பிடித்தது. 2009-ல் வெளியான 'உன்னைப்போல் ஒருவன்' இதில் எடுக்கப்பட்டதுதான். 2010-ல் ஆரி நிறுவனத்தின் அலெக்ஸா வந்தது. அதில் 2,880 பிக்ஸல்தான். ஆனாலும் ஒளிப்பதிவாளர்கள் பலர் அலெக்ஸாவுக்கு மாறினார்கள். ஏன்?

இரண்டு சென்சார்களும் சுமார் 24 மி.மீ. அகலம் கொண்டவை. எண்ணிக்கை குறைந்தால் ஒவ்வொரு பிக்ஸலும் பெரிதாகும். ரெட் ஒன்னில் ஒரு பிக்ஸல் 5.4 மைக்ரான், அலெக்ஸாவில் 8.25. வாய் அகன்ற அண்டாவில் மழைநீர் அதிகம் சேர்வதுபோல, பெரிய பிக்ஸலில் ஒளி அதிகம் சேரும். மேலும், அலெக்ஸா ஒவ்வொரு பிக்ஸலின் ஒளியையும் இரண்டு அளவுகளில் படித்து ஒன்றுசேர்க்கிறது.

இதனால் என்ன பயன்? திண்டிவனம் அருகிலுள்ள பெருமுக்கல் மலையை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே பாறையில் வெயில். குகைக்குள் பழங்காலக் கீறல் உருவங்கள். இரண்டையும் ஒரே படத்தில் எடுத்தால், சாதாரண கேமராவில் பாறை வெளுத்துவிடும் அல்லது குகை கறுத்துவிடும். அலெக்ஸா 14 ஸ்டாப் வரை பதிவு செய்யும் என்கிறது ஆரி. ஒரு ஸ்டாப் கூடினால் ஒளி இரு மடங்கு; 14 ஸ்டாப் என்றால் 16,384 மடங்கு!

கேமராவோ செல்போனோ வாங்குமுன் கடைக்குள் நின்று வாசலைப் படம் எடுங்கள். பெரிதாக்கிப் பாருங்கள். தெருவும் தெரிய வேண்டும், உள்ளே நிழலில் உள்ள பொருட்களும் புள்ளிகள் இல்லாமல் தெரிய வேண்டும். பிறகு மெகாபிக்ஸலைக் கேட்கலாம்.