பிக்கப் வண்டிக்கு உகந்த எண்ணெய்

மும்பையின் வடாலா லாரி முனையத்திலே சரக்கேற்றி, மாதுங்கா, தாராவிச் சந்துகளில் ஊர்ந்து செல்லும் டீசல் பிக்கப் வண்டிக்கு எந்த எஞ்சின் எண்ணெய் உகந்தது?

எண்ணெய் டப்பாவின்மீது ‘15டபிள்யூ-40’ போன்ற குறியீடு காணப்படும். முதலெண் சிறிதாகுந்தோறும் கடுங்குளிரிலும் எண்ணெய் எளிதில் ஓடும். லடாக்கில் இன்றியமையாத இப்பண்பு, உறைபனி அறியாத மும்பைக்கு அவ்வளவு முக்கியமன்று. பின்னெண்ணோ, 100 பாகை சென்டிகிரேடு வெப்பத்தில் எண்ணெயின் பாகுத்தன்மையைக் குறிக்கிறது. தடித்த எண்ணெயே சிறந்ததென்று எண்ணுவோர் பலர். அளவுக்கு மீறித் தடித்தால் எரிபொருள்தான் வீணாகும்.

ஆயினும் பெருங்கேடு விளைவது சாம்பலால். 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள பாரத் நிலை-6 விதிக்கேற்ப அமைந்த டீசல் வண்டிகள் பலவற்றில், புகைக்கரியைத் தடுக்கும் வடிகட்டி உண்டு. அதில் பிடிபட்ட கரியை வெப்பத்தால் எரித்துவிடலாம். எண்ணெயில் சேர்த்துள்ள கால்சியம் முதலிய உலோகப் பொருள்கள் விட்டுச்செல்லும் சாம்பலோ எரியாது. தங்கி, வடிகட்டியை அடைக்கும். எனவே பழைய வண்டிக்கு வாங்கிய மலிவான எண்ணெயைப் புதியதற்கும் ஊற்றுதல் கூடாது. சிகே-4 வகையில் சாம்பல் நூற்றுக்கு ஒரு பங்கிற்கு மேற்படாது. அதனினும் குறைவாகக் கேட்கும் எஞ்சின்களும் உள. வண்டியின் கையேட்டில் கூறிய வகையே முடிவானது.

மற்றொன்று: நெரிசலில் நின்றபடி எஞ்சின் ஓடும் நேரத்தைக் கிலோமீட்டர் மானி கணக்கிடுவதில்லை, எண்ணெயோ அப்போதும் கெட்டுக்கொண்டேயிருக்கும். இத்தகைய வண்டிக்குக் கையேடு கடும் உழைப்புக்கென வகுத்த தவணையிலேயே எண்ணெயை மாற்றுக.