ஆடுகளம் கைக்குள்ளே – 11: தேதிக்குப் பிறந்த விளையாட்டுகள்

காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறவர்களுக்கு டிஸ்பேட்ச் தேதியின் அழுத்தம் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. வாங்குகிற கம்பெனி ஒரு நாளைச் சொல்லும். அன்றைக்கு வண்டி ஏறியாக வேண்டும். அச்சு தேய்ந்துவிட்டது, மெட்டீரியல் வரவில்லை, ஆள் வரவில்லை என்பதெல்லாம் நம் வீட்டுக் கதை. ஆனால் அதே ஷெட்டுக்குள் இன்னொரு வழக்கமும் உண்டு. முதல் பீஸை அளந்து பார்த்து க்யூசி கையெழுத்துப் போட்ட பிறகுதான் மெஷின் தொடர்ந்து ஓடும். அவசரத்தில் அதை விட்டுவிட்டால் லாட் முழுக்கத் திரும்பி வரும், ரீவொர்க் செலவோடு.

வீடியோ கேம் தொழிலிலும் தேதி உண்டு. அந்தக் கையெழுத்துத்தான் பல நேரங்களில் இருப்பதில்லை. ஆடியவர்களின் மனதை மிகவும் நோகடித்த ஆட்டங்களை எடுத்துப் பார்த்தால், செய்யத் தெரியாதவர்கள் செய்ததால் கெட்டவை குறைவு. நன்றாகச் செய்யத் தெரிந்தவர்கள், வேறு யாரோ குறித்த நாளுக்குள் முடிக்க நேர்ந்ததால் கெட்டவை அதிகம். நம் நாட்டில் இதற்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. போன வாரம், நண்பர்கள் ஒரே அணியாக இறங்கித் துப்பாக்கியால் மோதும் பப்ஜி ஆட்டத்தின் தடையோடு நிறுத்தியிருந்தோம் அல்லவா, அங்கிருந்தே தொடர்வோம்.

2020 செப்டம்பர் 2. மத்திய அரசு 118 செயலிகளைத் தடை செய்தது. அவற்றில் பப்ஜி மொபைலும் ஒன்று. ஏற்கெனவே போனில் ஏற்றியிருந்தவர்களுக்கு அக்டோபர் 30 வரை ஆட்டம் ஓடியது, பிறகு சர்வரும் நின்றது. கொரோனா காலத்தில் ஷிப்ட் குறைந்து அறையில் அடைந்து கிடந்த இளைஞர்களுக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை வெளியிலிருந்து பார்த்தவர்கள் அதிகம் உணரவில்லை. திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி பக்கத் தொழிற்பேட்டைகளுக்கு வேலூர், விழுப்புரம், தென்மாவட்டங்கள், ஒடிசா, பீகார் என்று பல இடங்களிலிருந்து வந்து, ஒரே அறையில் நான்கைந்து பேராகத் தங்கியிருக்கிறவர்கள் அவர்கள். ஊரில் இருக்கும் நண்பனோடு இரவு பத்து மணிக்கு ஒரே ஸ்குவாடில் இறங்குவதுதான் அவர்களுக்கு ஊரோடு இருந்த தொடர்பு. போனில் பேசச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் பேச்சு தீர்ந்துவிடும். ஆட்டத்துக்குள் இருந்தால் இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டே இருப்பார்கள். ‘டேய், அந்த வீட்டுக்குள்ள ஆள் இருக்கான்டா’ என்பதற்கு நடுவில்தான் அம்மா உடம்புக்கு முடியாமல் இருக்கிற விஷயமும் வரும்.

தடை வந்து இரண்டே நாளில், செப்டம்பர் 4 அன்று, நடிகர் அக்‌ஷய் குமார் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். பெங்களூரின் என்கோர் கேம்ஸ் நிறுவனம் தயாரிக்கும் ‘ஃபௌ-ஜி’ என்ற இந்திய ஆட்டம் வரப்போகிறது. ராணுவ வீரர்களின் தியாகத்தைச் சொல்லும். நிகர வருமானத்தில் 20 சதவீதம் ‘பாரத் கே வீர்’ அறக்கட்டளைக்குப் போகும். நிறுவனத்தின் முன்னணியில் இருந்தவர் விஷால் கோண்டல், இந்திய கேம் தொழிலின் முன்னோடிகளில் ஒருவர். ஆட்டத்தின் வேலை தடைக்கு முன்பே தொடங்கிவிட்டது என்று அவர் சொன்னார். பப்ஜிக்கு மாற்றாக இதைச் செய்யவில்லை என்றும் விளக்கினார்கள். ஆனால் அறிவிப்பு வந்த நாள் அப்படிப்பட்ட நாள். நாடே அதைப் பப்ஜியின் இடத்தில் வைத்துப் பார்த்தது. அப்படிப் பார்க்காதீர்கள் என்ற விளக்கம் யார் காதிலும் விழவில்லை.

முதலில் அக்டோபர் கடைசி என்ற பேச்சு இருந்தது. அக்டோபர் 25, தசராவுக்கு வந்தது டீசர் மட்டும். நவம்பர் 30 அன்று பிளே ஸ்டோரில் முன்பதிவு திறந்தபோது, ஒரே நாளில் 10 லட்சம் பேருக்கு மேல் பதிந்தார்கள். வெளியாவதற்குள் அது 40 லட்சத்தைத் தாண்டியது. கடைசியில் குறித்த தேதி 2021 ஜனவரி 26, குடியரசு தினம். தேசபக்தியைச் சொல்லும் ஆட்டத்துக்கு அதைவிடப் பொருத்தமான தேதி கிடையாது. ஆனால் காலண்டரில் பொருந்துவது வேறு, கையில் இருக்கிற வேலை முடிந்திருப்பது வேறு.

அன்று அதை இறக்கிப் பார்த்தவர்களுக்குக் கிடைத்தது என்ன? மூன்று வகை ஆட்டங்களில் திறந்திருந்தது ஒன்றே ஒன்று, தனியாக ஆடும் கதை. நண்பனோடு சேர்ந்து ஆடும் வசதி ‘விரைவில்’ என்ற பலகையோடு பூட்டியிருந்தது. கதை நடக்கும் இடம் இந்திய-சீன எல்லையில் உள்ள கல்வான் பள்ளத்தாக்கு. தனியாக ஒரு வீரன் பனிமலையில் நடப்பான். கொஞ்ச தூரத்தில் எதிரிகள் சிலர் வருவார்கள். கையாலும் கிடைத்த தடியாலும் அடித்து வீழ்த்த வேண்டும். எரிகிற தீயின் பக்கம் நின்றால் இழந்த பலம் திரும்பும். மறுபடி நடை, மறுபடி அதே அடி. துப்பாக்கி கிடையாது.

காக்களூர் தொழிற்பேட்டை வாசலில், ஷிப்ட் மாறும் நேரத்து டீக்கடை ஒன்றில் இந்த ஆட்டத்தைப் பற்றி விசாரித்தேன். பிரஸ் ஷாப்பில் வேலை பார்க்கும் தம்பி ஒருவருக்கு இன்னும் மனசு ஆறவில்லை. “நாலு பேரும் ஒண்ணா இறக்கினோம் சார். ஓப்பன் பண்ணா தனித்தனியா ஆடச் சொல்லுது. அப்புறம் எதுக்கு சார் நாலு பேர்?” துப்பாக்கி இல்லாததை அவர் இரண்டாவதாகத்தான் சொன்னார். நாடு முழுக்கக் கிண்டல் செய்தவர்கள் துப்பாக்கியையே பிடித்துக்கொண்டார்கள். அவர் சொன்ன வரிசைதான் சரி என்று எனக்குப் படுகிறது.

ஏனென்றால், துப்பாக்கி இல்லாததுதான் அந்த ஆட்டத்தில் இருந்த உண்மை. 2020 ஜூன் 15 இரவு கல்வானில் நடந்தது கைகலப்பு. எல்லைக் கோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது என்று இந்தியாவும் சீனாவும் 1996-இல் ஒப்பந்தம் போட்டிருந்தன. கல்லும் தடியும் ஆணி பதித்த கட்டையுமாக, உறைய வைக்கும் குளிரில், இருட்டில் நடந்த சண்டை அது. நம் தரப்பில் 20 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் ஒருவர் ராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஹவில்தார் கே. பழனி. 2021 குடியரசு தினத்தை ஒட்டி அறிவித்த விருதுகளில் அவருக்கு மறைவுக்குப் பிந்தைய வீர் சக்ரா கிடைத்தது. ஆட்டம் வெளியானதும் அதே குடியரசு தினத்தில்தான்.

இதை எழுதும்போது எனக்கு வருத்தமும் கோபமும் சேர்ந்தே வருகின்றன. ஒரு மனிதர் உண்மையில் நின்று போராடி விழுந்த இடத்தை ஆட்டமாக்குவது தவறு என்று நான் சொல்லவில்லை. திரைப்படம் செய்கிறது, நாடகம் செய்கிறது, கேமும் செய்யலாம். ஆனால் அதைச் செய்யத் துணிந்தால் அந்த இரவின் குளிர் ஆடுகிறவன் விரலுக்கு வர வேண்டும். பக்கத்தில் நிற்கும் தோழன் விழும்போது அவன் பதற வேண்டும். இங்கே ஒரே மாதிரி எதிரி, ஒரே மாதிரி குத்து. கைச்சண்டை என்பதால் சலித்தது என்று சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1998-இல் பிளே ஸ்டேஷனுக்கு வந்த ‘டெக்கன் 3’ முழுக்கக் கைச்சண்டைதான். நம் ஊர் கேம் சென்டர்களில் மணிக்கணக்குக் காசு கொடுத்து எத்தனையோ வருடம் அதை ஆடினார்கள். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு நடை, ஒரு அடி, ஒரு தடுப்பு என்று அதில் உழைப்பு இருந்தது. ஃபௌ-ஜியில் கருத்து இருந்தது, தேதி இருந்தது, பெரிய நடிகரின் பெயர் இருந்தது. அந்த உழைப்புக்கான மாதங்கள் இல்லை.

வெளியான சில நாட்களிலேயே பிளே ஸ்டோரில் நான்கரைக்கு மேல் இருந்த மதிப்பீடு மூன்றை ஒட்டி இறங்கியது. இலவச ஆட்டம்தானே, பிடிக்காவிட்டால் அழித்துவிட்டுப் போகலாமே என்று சிலர் கேட்டார்கள். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அளந்து வைத்த டேட்டாவில் கிட்டத்தட்ட அரை ஜிபியை ஒரு ஆட்டத்துக்கு ஒதுக்குகிறவனுக்கு அது இலவசம் இல்லை. எட்டு மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டு வந்தவனின் ராத்திரியும் இலவசம் இல்லை. ஒற்றை நட்சத்திரம்தான் அவன் கையில் இருந்த ஒரே ரிஜெக்‌ஷன் சீட்டு.

நண்பர்களோடு ஆடும் வகை அந்த ஆண்டு ஜூனில்தான் சோதனை அளவில் வந்தது. ஜூலை 2 அன்று பப்ஜியே ‘பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா’ என்ற பெயரில் திரும்பி வந்துவிட்டது. அதன் பிறகு ஃபௌ-ஜியை யார் தேடப் போகிறார்கள்?

இது நம் நாட்டுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. உலகில் மோசமான கேம் எது என்று எங்கே பேச்சு வந்தாலும் முதலில் வருவது, அட்டாரி நிறுவனம் 1982-இல் வெளியிட்ட ‘ஈ.டி.’ அதே பெயரில் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் எடுத்த படம் அந்த ஆண்டு ஜூனில் வந்து பெரும் வெற்றி பெற்றது. அதைக் கேமாக்கும் உரிமைப் பேச்சு முடிந்தபோது ஜூலை கடைசி. கிறிஸ்துமஸுக்குக் கடையில் இருக்க வேண்டுமென்றால் செப்டம்பர் 1-க்குள் நிரல் முடிய வேண்டும். ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா என்ற இளைஞருக்கு ஐந்து வாரம் கொடுத்தார்கள். அவர் சாதாரண ஆள் இல்லை; ‘யார்ஸ் ரிவெஞ்ச்’ என்ற அருமையான ஆட்டத்தைச் செய்தவர். ஒரு கேமுக்கு ஆறேழு மாதம் எடுத்துக்கொள்வது அன்றைய வழக்கம். அவர் வீட்டிலேயே ஒரு கருவியை வைத்துக்கொண்டு இரவும் பகலும் எழுதி, சொன்ன நாளில் முடித்தும் கொடுத்தார்.

முடிந்தது, ஆனால் ஆடிப் பார்த்துத் திருத்த நாள் இல்லை. ஆட்டம் முழுக்கக் குழிகள். கதாபாத்திரத்தின் தலையோ கையோ குழியின் விளிம்பில் பட்டாலே உள்ளே விழுந்துவிடும். கழுத்தை நீட்டி மெல்ல மிதந்து மேலே வந்தால், வந்த இடத்திலேயே மறுபடி விழும். படத்தைப் பார்த்து உருகி, அப்பாவை நச்சரித்து வாங்கிய குழந்தைகள் கிறிஸ்துமஸ் விடுமுறை முழுக்கக் குழிக்குள் இருந்தார்கள். நாற்பது லட்சம் அளவுக்குத் தயாரித்த கேசட்டுகளில் பெரும்பகுதி விற்கவில்லை. விற்றதிலும் பல திரும்பி வந்தன. மிஞ்சியவற்றில் ஒரு பகுதியை வேறு கேசட்டுகளோடு சேர்த்து 1983-இல் நியூ மெக்சிகோ மாநிலத்தின் அலமோகோர்டோ ஊர்க் குப்பைக் கிடங்கில் புதைத்தார்கள். பல ஆண்டுகள் அதை வதந்தி என்றே நினைத்தவர்கள் உண்டு. 2014 ஏப்ரல் 26 அன்று தோண்டிப் பார்த்தபோது கேசட்டுகள் மண்ணுக்குள்ளிருந்து வந்தன.

வார்ஷாவைக் குற்றம் சொல்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எனக்கு அவர் மேல் மரியாதைதான். ஐந்து வாரத்தில் எட்டு கிலோபைட்டுக்குள் ஒரு முழு ஆட்டத்தை எழுதுவது சின்ன காரியமல்ல. குற்றம் அந்த ஐந்து வாரத்தைத் தீர்மானித்தவர்களுடையது.

கிட்டத்தட்ட நாற்பது ஆண்டு கழித்தும் அதே கதை நடந்தது. போலந்தின் சிடி ப்ராஜெக்ட் நிறுவனம் 2012-இல் அறிவித்த ‘சைபர்பங்க் 2077’ மூன்று முறை தள்ளிப்போய், 2020 டிசம்பர் 10 அன்று வந்தது. பழைய பிளே ஸ்டேஷனில் அது ஓடிய லட்சணத்தைப் பார்த்து, ஒரே வாரத்தில் சோனி தன் கடையிலிருந்து அதை எடுத்துவிட்டு, கேட்டவர்களுக்குப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தது.   

நம் பக்கத்து சினிமா ஆட்டங்களிலும் இதே நோய்தான். முருகதாஸ் இந்தியில் எடுத்த ‘கஜினி’ 2008 கிறிஸ்துமஸுக்கு வந்தபோது, ஹைதராபாத் எஃப்எக்ஸ்லேப்ஸ் அதையொட்டி ஒரு கம்ப்யூட்டர் கேம் செய்தது. 2011 தீபாவளிக்கு ‘ரா.ஒன்’ வந்தபோது பிளே ஸ்டேஷனுக்கு ஒன்று. 2014-இல் ‘கோச்சடையான்’ வந்தபோது போனுக்கு ஒன்று. படத்தின் தேதிதான் கேமின் தேதி. படம் தியேட்டரை விட்டுப் போன பின் கேமைத் திருத்தப் பணம் போட யாருக்கும் காரணம் இல்லை.

இதையெல்லாம் பர்மா பஜாரிலும் ரிச்சி தெருவிலும் தொண்ணூறுகளில் விற்ற ‘9999 இன் 1’ கேசட்டோடு சேர்த்துப் பேசக்கூடாது. அதில் பத்துப் பதினைந்து ஆட்டங்களே இருக்கும். ‘கான்ட்ரா’ என்ற ஒரே ஆட்டத்தை இரண்டாம் கட்டத்திலிருந்தும் மூன்றாம் கட்டத்திலிருந்தும் தொடங்க வைத்து, ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொடுத்து, பட்டியலை நீட்டியிருப்பார்கள். அது வெறும் மோசடி. ஆனால் உள்ளே இருந்த அந்தப் பத்து ஆட்டமும் முழுசாகச் செய்து முடித்தவை. அதனால்தான் ஏமாந்த பையன்கள் அழுதுவிட்டு, அந்தக் கேசட்டையே ஆண்டுக்கணக்கில் ஆடினார்கள்.

சைபர்பங்க் செய்தவர்கள் ஓடிப்போகவில்லை. மூன்று ஆண்டு உட்கார்ந்து திருத்தினார்கள். 2023 செப்டம்பரில் வந்த 2.0 பதிப்பை ஆடியவர்கள், இதைத்தான் அன்றைக்கே கொடுத்திருக்க வேண்டும் என்றார்கள். ஃபௌ-ஜிக்கு அப்படி ஒரு திருத்தம் வரவில்லை. அதே பெயரில், ‘ஃபௌ-ஜி: டாமினேஷன்’ என்று புனேயின் டாட்9 கேம்ஸ் வேறொரு ஆட்டம் செய்தது. 2024 இறுதியில் முதலில் ஒரு கூட்டத்துக்கு மட்டும் திறந்துவிட்டுச் சோதித்தார்கள். ஐந்து பேருக்கு ஐந்து பேர் மோதும் ஆட்டம் அது. ஜோத்பூர் கடைத்தெருவும் சென்னைத் துறைமுகமும் அதன் களங்கள். நண்பனோடு சேர்ந்து இறங்கலாம், துப்பாக்கியும் உண்டு. கல்வான் இல்லை.

அடுத்த வாரம்: கனடாவிலிருந்து வந்த ‘வெண்பா’ என்ற ஆட்டம்.